வளையம் மாட்டிய சர்க்கரை

கோடியக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? குளிர்காலத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர்களுக்கு அப்பாலிருந்து பறவைகள் அங்கே வந்து தங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அவற்றில் சிலவற்றை வலைவைத்துப் பிடித்து, காலில் ஒரு சின்ன உலோக வளையத்தை மாட்டி மறுபடி பறக்க விடுவது உண்டு. வளையத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதே பறவை வேறொரு நாட்டில் யார் கையிலாவது அகப்பட்டால், அது எங்கிருந்து எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும்.

இந்த வளையத்துக்குச் சில விதிகள் உண்டு. முதலாவது, அது இலேசாக இருக்க வேண்டும். பறவை பறப்பதற்கும் இரை தேடுவதற்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. இரண்டாவது, வழியில் கழன்று விழக் கூடாது. மூன்றாவது, பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிய வேண்டும். நான்காவது, சட்டென்று மாட்டிவிட வேண்டும். வளையம் மாட்டுகிறேன் என்று பறவையை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தால், அது சோர்ந்து செத்தே போகும்.

இப்போது பறவைக்குப் பதில் ஒரு சர்க்கரை மூலக்கூறை நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குப் பதில் ஒரு கதிரியக்க அணு. பறக்கும் வானம் மனித உடல். அந்தச் சர்க்கரை உடலுக்குள் எங்கே போகிறது, எங்கே அதிகமாகச் சேருகிறது என்று வெளியிலிருந்தபடியே மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கத்தி வைத்து அறுக்காமல், மூளையின் வேலையையும் புற்றுநோய்க் கட்டியின் இருப்பிடத்தையும் கண்டுகொள்கிறார்கள். ‘பெட் ஸ்கேன்’ என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதுதான்.

படம் எடுக்கும் பொறியைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். ஆனால் பொறி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், வளையம் மாட்டிய மூலக்கூறு கையில் இல்லையென்றால் அதனால் பயன் ஒன்றுமில்லை. அந்த மூலக்கூறை எப்படிச் செய்கிறார்கள்? நாம் மேலே சொன்ன நான்கு விதிகளும் இங்கே அப்படியே பொருந்துவதைப் பார்ப்போம்.

ஒரு தோல்வியிலிருந்து பிறந்த முறை

1911-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹங்கேரி நாட்டு இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஹெவெசி. யுரேனியக் கனிமத்திலிருந்து கிடைத்த ஈயம் ஏராளமாக அந்த ஆய்வகத்தில் கிடந்தது. அதற்குள் ‘ரேடியம் டி’ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஈயத்தை நீக்கி அந்தப் பொருளை மட்டும் பிரித்துத் தருமாறு ரூதர்ஃபோர்டு ஹெவெசியிடம் சொன்னார்.

ஹெவெசி தெரிந்த வேதியியல் முறைகளையெல்லாம் செய்து பார்த்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்தும் பிரிக்க முடியவில்லை. காரணம் இன்று நமக்குத் தெரியும். ரேடியம் டி என்பதும் ஈயமேதான். ஈயத்தின் ஓர் ஐசோடோப்பு. அணுக்கருவில் நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே. வேதிவினைகளில் பங்குகொள்பவை எலக்ட்ரான்கள் ஆகையால், இரண்டையும் வேதியியல் முறையால் பிரிக்க வழியே இல்லை.

வேறொருவராக இருந்தால் மனம் சோர்ந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். ஹெவெசி தோல்வியைத் திருப்பிப் போட்டு யோசித்தார். ஈயத்திலிருந்து இதைப் பிரிக்கவே முடியாது என்றால், ஈயம் எங்கே போனாலும் இதுவும் கூடவே போகும் அல்லவா? கதிரியக்கத்தை அளந்தால் ஈயம் போன இடம் தெரிந்துவிடுமே! 1913-இல் வியன்னா நகரில் பானெத் என்பவருடன் சேர்ந்து, நீரில் மிக மிகக் குறைவாகக் கரையும் ஈய உப்புகளின் கரைதிறனை இந்த முறையில் அளந்தார். 1923-இல் அவரைச் செடியின் வேரைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் வைத்து, வேரிலும் தண்டிலும் இலையிலும் எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று கண்டார். உயிருள்ள ஒன்றுக்குள் கதிரியக்க அணுவை அனுப்பி அதன் தடத்தைப் பின்தொடர்ந்த முதல் ஆய்வு அது. 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இப்படி அனுப்பப்படும் பொருளுக்குத் ‘தடங்காட்டி’ என்று பெயர்.

எந்த அணுவை மாட்டுவது?

சர்க்கரையான குளுக்கோசில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்று தனிமங்களே இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் கதிரியக்க ஐசோடோப்பைப் போட்டுவிட்டால் முதல் விதி தானாகவே நிறைவேறிவிடும். குளுக்கோஸ் எந்த மாற்றமும் இல்லாமல் குளுக்கோசாகவே இருக்கும்.

பழம்பொருள்களின் வயதைக் காணப் பயன்படும் கார்பன்-14 ஞாபகத்துக்கு வருகிறதா? அது இங்கே உதவாது. அது வெளியிடும் பீட்டாத் துகள்கள் வலிமை குறைந்தவை. உடலின் தசைக்குள்ளேயே நின்றுவிடும். வெளியிலிருக்கும் கருவிக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது விதி அடிபட்டுப் போகிறது. மேலும் அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 5,730 ஆண்டுகள். ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான டிரிட்டியமும் மெலிந்த பீட்டாத் துகளையே வெளியிடுவது.

ஆக்ஸிஜன்-15 வெளியில் தெரியக்கூடிய கதிரைத் தரும். ஆனால் அதன் அரை ஆயுட்காலம் 2 நிமிடந்தான். கார்பன்-11-க்கு 20 நிமிடம். இந்த நேரத்துக்குள் ஒரு சிக்கலான மூலக்கூறைக் கட்டி, தூய்மை செய்து, நோயாளிக்குச் செலுத்திப் படமும் எடுப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கார்பன்-11-ஐக் கொண்டு வேலை செய்கிற ஆய்வகங்கள் உண்டு. அங்கே அணுவை உண்டாக்கும் பொறியும் நோயாளியின் படுக்கையும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே வேதியியலார் குளுக்கோசில் இல்லாத ஓர் அணுவைத் தேடினார்கள். அதுதான் ஃபுளூரின்-18. இதன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். இது பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை வெளியிடுகிறது. பாசிட்ரான் சிறிது தூரம் ஓடி ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நோயாளியைச் சுற்றி வளையமாக வைத்திருக்கும் உணர் கருவிகளில் எதிரெதிரே உள்ள இரண்டு ஒரே சமயத்தில் கதிரை உணர்ந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் எங்கோ அந்த அணு இருந்தது என்று பொருள். இப்படிப்பட்ட இலட்சக்கணக்கான கோடுகளைக் கணிப்பொறி சேர்த்துப் படமாக்குகிறது.

ஃபுளூரின் அணு சிறியது. கார்பனோடு அது கொள்ளும் பிணைப்பு மிக உறுதியானது. ஆகவே இலேசாகவும் இருக்கிறது, கழலவும் மாட்டாது.

உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும் சர்க்கரை

குளுக்கோசின் இரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளூரினை வைக்கிறார்கள். இந்தப் பொருளுக்கு ஃபுளூரோ டிஆக்சி குளுக்கோஸ் என்று பெயர், சுருக்கமாக எஃப்.டி.ஜி. ஏன் இரண்டாவது கார்பன்? இதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

சாதாரண குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு நொதி அதனுடன் பாஸ்ஃபேட் தொகுதி ஒன்றைச் சேர்க்கிறது. பாஸ்ஃபேட் சேர்ந்த சர்க்கரை எளிதில் வெளியே போக முடியாது. அடுத்தடுத்த வினைகளால் அது சிதைந்து ஆற்றலைத் தருகிறது. எஃப்.டி.ஜி.யும் இதே வாசலில் நுழைகிறது. நொதி ஏமாந்துபோய் அதற்கும் பாஸ்ஃபேட்டைச் சேர்க்கிறது. ஆனால் அடுத்த வினை நடப்பதற்கு இரண்டாவது கார்பனில் ஆக்ஸிஜன் இருந்தாக வேண்டும். அங்கேயோ ஃபுளூரின் உட்கார்ந்திருக்கிறது. முன்னே போகவும் வழியில்லை, பின்னே போகவும் வழியில்லை. செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இதன் விளைவு என்ன? எந்தச் செல் அதிகமாகச் சர்க்கரை கேட்கிறதோ அங்கே எஃப்.டி.ஜி. அதிகமாகக் குவியும். மூளை எப்போதும் சர்க்கரையை நாடும் உறுப்பு. பல புற்றுநோய்ச் செல்களும் அப்படித்தான். இதை ஜெர்மன் அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார். டிஆக்சி குளுக்கோஸ் இப்படிச் செல்லுக்குள் சிக்கிக்கொள்வதைப் பயன்படுத்தி, விலங்குகளின் மூளை வேலை செய்வதை அளக்கும் முறையை 1970-களில் அமெரிக்க அறிஞர் லூயி சோகலாஃபும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய வளையம் கார்பன்-14. விலங்கின் மூளையை வெளியே எடுத்து மெல்லிய சீவல்களாக்கி ஒளிப்படத் தகட்டில் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. மனிதனுக்கு அது ஆகுமா? ஃபுளூரின்-18 அந்தத் தடையை நீக்கிற்று.

விமானத்தில் பறந்த சர்க்கரை

நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜப்பானிய வேதியியலாரான தத்சுவோ இடோ, ஜோனா ஃபௌலர், ஆல்ஃபிரட் உல்ஃப் ஆகியோர் எஃப்.டி.ஜி.யை முதன்முதலில் தயாரித்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்தப் பொருள் விமானத்தில் ஏற்றப்பட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி என்ற மருத்துவர் அதை உடல்நலமுள்ள இரண்டு தொண்டர்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார். உயிரோடு, விழிப்போடு இருக்கும் மனிதனின் மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது என்பது படமாகத் தெரிந்தது.

ஆனால் அந்த முதல் தயாரிப்பு முறையில் நட்டம் அதிகம். அவர்கள் கையாண்டது ஃபுளூரின் வாயு. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள் உண்டு. ஒன்று சர்க்கரையின் இரண்டாவது கார்பனில் சேரும். மற்றது முதல் கார்பனில் சேர்ந்து, பிறகு வினையின்போது கழன்று வீணாகும். ஆகவே பாடுபட்டு உண்டாக்கிய கதிரியக்கத்தில் பாதி எடுத்த எடுப்பிலேயே போய்விடும். மீதியிலும் ஒரு பகுதி வேண்டாத இன்னொரு சர்க்கரையாக மாறிவிடும்.

இதனிடையே கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு உங்களிடம் 80 பங்கு ஃபுளூரின்-18 இருக்கிறது. 7.50-க்கு 40 பங்கு. 9.40-க்கு 20 பங்கு. 11.30-க்கு 10 பங்கு. பதினொன்றரை மணி நோயாளிக்கு 10 பங்கு வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே 80 பங்கு தயாராக இருக்க வேண்டும். வேதியியலார் சோதனைச் சாலையில் வீணாக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு நோயாளியின் பங்கிலிருந்து கழிகிறது.

ஜெர்மனியின் புதிய வழி

1986-இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் ஹமாஹர், கோனன், ஸ்டோக்லின் ஆகிய மூவரும் வேறொரு முறையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் எஃப்.டி.ஜி. தயாராவது பெரும்பாலும் இந்த வழியைப் பின்பற்றித்தான். படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நீர். நாம் குடிக்கும் நீரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்களில் ஏறக்குறைய 500-க்கு ஒன்று ஆக்ஸிஜன்-18 என்னும் கனமான ஐசோடோப்பு. இதைச் செறிவாக்கிய விலை மிகுந்த நீர் சில மில்லி லிட்டர் எடுத்துக்கொள்கிறார்கள். சைக்ளோட்ரான் என்னும் பொறி புரோட்டான்களை வேகப்படுத்தி அந்த நீரின் மேல் மோதவைக்கிறது. ஆக்ஸிஜன்-18-இன் அணுக்கரு ஒரு புரோட்டானை விழுங்கி ஒரு நியூட்ரானைக் கக்குகிறது. ஆக்ஸிஜனுக்கு 8 புரோட்டான். ஒன்று கூடியதால் 9. ஒன்பது புரோட்டான் உள்ள தனிமம் எது? ஃபுளூரின்! இப்படி நீருக்குள்ளேயே ஃபுளூரைடு அயனியாக ஃபுளூரின்-18 பிறக்கிறது.

இரண்டாம் படி: அயனியை எழுப்புதல். நீரிலிருக்கும் ஃபுளூரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அது யாரோடும் வினைபுரியாது. ஆகவே முதலில் அந்த நீரை ஒரு ரெசின் குழாய் வழியே செலுத்துகிறார்கள். ஃபுளூரைடு ரெசினில் ஒட்டிக்கொள்ள, விலை மிகுந்த நீர் வெளியே வந்துவிடும். பிறகு பொட்டாசியம் கார்பனேட் கரைசலால் ஃபுளூரைடைக் கழுவி எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானைச் சேர்த்துச் சூடேற்றி, எஞ்சிய ஈரத்தையும் ஆவியாக்குகிறார்கள்.

இன்னொரு தொல்லை பாக்கி. நேர்மின் பொட்டாசியம் அயனி எதிர்மின் ஃபுளூரைடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதற்காகக் கூண்டு போன்ற ஒரு மூலக்கூறைச் சேர்க்கிறார்கள். கிரிப்டோஃபிக்ஸ் என்பது அதன் பெயர். பொட்டாசியம் அந்தக் கூண்டுக்குள் கச்சிதமாக அடைபட்டுவிடுகிறது. தடுப்பார் இல்லாத ஃபுளூரைடு இப்போது துடிப்பாக வினைபுரியத் தயார்.

மூன்றாம் படி: வளையம் மாட்டுதல். இங்கே ஒரு விந்தை. குளுக்கோஸ் செய்ய வேண்டும். ஆனால் தொடக்கப் பொருளாக எடுப்பது மானோஸ் என்னும் வேறு சர்க்கரை. இரண்டுக்கும் ஒரே வேறுபாடுதான். இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி குளுக்கோசில் ஒரு பக்கமும் மானோசில் எதிர்ப்பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மானோசின் மற்ற நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கும் அசிட்டைல் என்னும் முகமூடியை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கார்பனில் மட்டும் எளிதில் கழன்று ஓடக்கூடிய ஒரு தொகுதியை வைக்கிறார்கள். ஃபுளூரைடு அந்தத் தொகுதி இருக்கும் பக்கத்துக்கு நேர் பின்புறமாக வந்து தாக்குகிறது. அந்தத் தொகுதி கழன்று ஓட, பெருங்காற்றில் குடை மறுபக்கமாக மடங்கிக்கொள்வதுபோல அந்தக் கார்பனின் வடிவம் திரும்பிக்கொள்கிறது. மானோஸ் வடிவம் குளுக்கோஸ் வடிவமாகிவிட்டது! முதலிலேயே குளுக்கோசை எடுத்திருந்தால் முடிவில் கிடைப்பது மானோஸ் வடிவமாக இருந்திருக்கும். இந்த வினைக்கு ஆகும் நேரம் சுமார் 5 நிமிடம்.

நான்காம் படி: முகமூடியைக் கழற்றுதல். அமிலத்தையோ காரத்தையோ சேர்த்து அசிட்டைல் தொகுதிகளை நீக்குகிறார்கள். பிறகு சிறு குழாய்களின் வழியே செலுத்தி, வினைபுரியாத ஃபுளூரைடு, கிரிப்டோஃபிக்ஸ் முதலியவற்றை அகற்றி, கிருமிகள் நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடிக்கிறார்கள். இத்தனையும் இன்று அரைமணி நேர அளவில் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த ஃபுளூரின்-18-இல் பாதிக்கு மேல் சர்க்கரையில் போய்ச் சேர்ந்துவிடும். தடித்த ஈயச் சுவருக்குப் பின்னால், மனிதக் கை படாமல், வால்வுகளும் குழாய்களும் கொண்ட தானியங்கிப் பொறி இதைச் செய்து முடிக்கிறது.

எவ்வளவு சர்க்கரை?

பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 370 மெகா பெக்கரெல் அளவு எஃப்.டி.ஜி. செலுத்தப்படுவது உண்டு. வினாடிக்கு 37 கோடி அணுக்கள் சிதைகின்றன என்பது இதன் பொருள். பெரிய எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அதிலுள்ள கதிரியக்க மூலக்கூறுகளை மட்டும் சேர்த்து எடை போட்டால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் இருக்கும். உங்கள் இரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை 4 அல்லது 5 கிராம். ஆகவே இந்தச் சின்னஞ்சிறு அளவு உடலின் போக்கை மாற்றுவதில்லை. உடல் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். இந்த அளவு ஊசியால் உடலுக்குக் கிடைப்பது சுமார் 7 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஒவ்வொருவரும் சராசரியாக ஓராண்டில் பெறுவது சுமார் 2.4 மில்லி சீவர்ட். ஏறக்குறைய மூன்றாண்டு இயற்கைக் கதிர்வீச்சை ஒரே நாளில் பெறுவது போன்றது இது. பயப்பட வேண்டியதில்லை, ஆயினும் தேவையில்லாமல் செய்துகொள்ளக் கூடாது. அறியப்போகும் செய்தி பெரிதா, ஏற்கும் கதிர் பெரிதா என்று மருத்துவர் எடை போட்டுப் பார்த்தே முடிவு செய்வார்.

கறக்கக் கறக்கச் சுரக்கும் பசு

எல்லா ஊர்களிலும் சைக்ளோட்ரான் வைக்க முடியுமா? முடியாது. சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைகளுக்குக் கைகொடுப்பது டெக்னீஷியம்-99எம். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் டெக்னீஷியம். 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் செக்ரேயும் பெரியேயும் அதைக் கண்டறிந்தார்கள்.

மாலிப்டினம்-99 என்னும் ஐசோடோப்பை அலுமினாத் தூள் நிரப்பிய குழாயில் ஒட்டவைத்து, ஈயப் பெட்டிக்குள் வைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் 66 மணி. அது சிதையச் சிதைய டெக்னீஷியம்-99எம் உண்டாகிறது. இதன் அரை ஆயுட்காலம் 6 மணி. காலையில் உப்புநீரைக் குழாயில் செலுத்தினால் டெக்னீஷியம் மட்டும் கரைந்து வரும். மாலிப்டினம் அலுமினாவிலேயே இருக்கும். மறுநாள் மறுபடியும் சுரந்திருக்கும். ஆய்வகத்தில் இதைப் ‘பசு’ என்றும், எடுக்கும் வேலையைப் ‘பால் கறத்தல்’ என்றுமே வேடிக்கையாகச் சொல்வார்கள். புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1950-களின் பிற்பகுதியில் உருவான ஏற்பாடு இது.

இங்கே வளையம் மாட்டும் முறை வேறு. டெக்னீஷியம் ஓர் உலோகம். அதைக் கார்பனோடு பிணைப்பதற்குப் பதிலாக, நண்டு தன் கொடுக்குகளால் பற்றுவதுபோல, ஒரு மூலக்கூறு பல பக்கங்களிலிருந்து அதைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் ‘கறந்த’ நிலையிலுள்ள டெக்னீஷியத்தை நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்திருப்பதால் கொடுக்குக்கு இடம் இல்லை. வெள்ளீய உப்பான ஸ்டானஸ் குளோரைடைச் சேர்த்தால் டெக்னீஷியம் ஒடுக்கமடைந்து பிடி கொடுக்கும். இவையெல்லாம் தூளாக உறைய உலர்த்தப்பட்டுச் சிறு புட்டியில் தயாராகக் கிடைக்கின்றன. கறந்ததை உள்ளே விட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்தால் போதும். எலும்புக்குப் போகும் மூலக்கூறு ஒரு புட்டியில், சிறுநீரகத்துக்குப் போவது இன்னொரு புட்டியில்.

வளையம் கழன்றால்?

புட்டிக்குள் காற்று புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளீயம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வீணாகிவிடும். டெக்னீஷியம் யாரிடமும் பிடிபடாமல் தனியே திரியும். நோயாளிக்குச் செலுத்தினால் அது எலும்புக்குப் போகாமல் தைராய்டு சுரப்பியிலும் இரைப்பையிலும் போய்ச் சேரும். படம் கெட்டுப் போகும். அதைவிட மோசம், பார்ப்பவரை ஏமாற்றும். நோயாளியும் பயனின்றிக் கதிர்வீச்சைப் பெற்றிருப்பார்.

இதைத் தடுப்பது எப்படி? பேனா மையின் நிறங்களைத் தாளில் பிரித்துப் பார்க்கும் சோதனையை நீங்கள் பள்ளியில் செய்திருப்பீர்கள். அதே தாள் நிறப்பிரிகைதான் இங்கேயும். துளியளவு மருந்தைத் தாளின் அடியில் வைத்து அசிட்டோனில் நிறுத்துகிறார்கள். தனியே திரியும் டெக்னீஷியம் அசிட்டோனோடு மேலே ஏறிவிடும். மூலக்கூறில் பிடிபட்டது வைத்த இடத்திலேயே நிற்கும். தாளை இரண்டாக வெட்டிக் கதிரியக்கத்தை அளந்தால் எவ்வளவு கழன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பள்ளியில் கற்ற சோதனை ஒரு நோயாளியைக் காக்கிறது, பார்த்தீர்களா!

எஃப்.டி.ஜி.க்கும் இப்படிப் பல சோதனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று வேடிக்கையானது. மருந்தில் கிருமி இல்லையென்று உறுதிசெய்ய அதை ஊட்டக் கரைசலில் 14 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் ஃபுளூரின்-18 எட்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்! முடிவு வரும்போது மருந்தும் இருக்காது. நோயாளியும் வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகியிருக்கும். ஆகவே, கிருமியே நுழைய முடியாதபடி தயாரிப்பு முறையை முதலிலேயே ஒழுங்குசெய்து வைத்து, வடிகட்டியில் ஓட்டை இல்லை என்பதை அன்றே சோதித்து, அதன் பிறகே மருந்தை அனுப்புகிறார்கள்.

சேமித்து வைக்க முடியாத சரக்கு

அரிசியைப் போலக் கொட்டி வைக்க முடியாத சரக்கு இது. 2009-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் சாக் ரிவர் என்ற இடத்திலிருந்த அணுஉலை பழுதாகி நின்றது. உலகின் மாலிப்டினம்-99 தேவையில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. 2010-இல் நெதர்லாந்தின் பெட்டன் அணுஉலையும் பழுது பார்ப்பதற்காகச் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் இதய நோயாளிகளும் புற்று நோயாளிகளும் பரிசோதனைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. எங்கோ தொலைவிலுள்ள ஓர் உலை நின்றால், நோயாளி அறியாத ஒரு பசு வற்றிவிடுகிறது. சாக் ரிவர் உலை 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. நம் நாட்டில் மும்பையிலுள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் 2002-இல் மருத்துவச் சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. அதன்பின் வேறு பல நகரங்களிலும் சைக்ளோட்ரான்கள் வந்துள்ளன.

ஒன்றை மறவாதீர்கள். எஃப்.டி.ஜி. ‘இங்கே சர்க்கரை அதிகம் செலவாகிறது’ என்று மட்டுமே சொல்லும். அது புற்றுநோயா, அல்லது கிருமித் தொற்றால் வீங்கிய இடமா என்று சொல்லாது. மூளை எப்போதுமே பளிச்சென்று தெரியும். நோயாளி சாப்பிட்டுவிட்டு வந்தால் இரத்தச் சர்க்கரை போட்டிக்கு வந்து படத்தை மங்கச் செய்யும்; அதனால்தான் சில மணி நேரம் பட்டினியாக வரச் சொல்கிறார்கள். வளையம் பறவை போன இடத்தைக் காட்டும். ஏன் போயிற்று என்பதை மனிதன்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முடிவில் அந்த வளையம் என்ன ஆகிறது? ஃபுளூரின்-18 பாசிட்ரானை வெளியிட்டதும் ஒரு புரோட்டான் குறைந்து 8 ஆகிறது. எட்டு புரோட்டான் உள்ளது ஆக்ஸிஜன் அல்லவா? ஆம், நாம் எந்த ஆக்ஸிஜன்-18-இல் தொடங்கினோமோ அதுவேயாக மாறிவிடுகிறது. அந்த ஆக்ஸிஜன் அக்கம்பக்கத்தில் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டதும் இரண்டாவது கார்பனில் மறுபடியும் ஹைட்ராக்சில் தொகுதி வந்துவிட்டது. இத்தனை நேரம் வழியில்லாமல் சிக்கிக் கிடந்த போலிச் சர்க்கரை இப்போது உண்மையான சர்க்கரை! செல் அதை வழக்கம்போலச் சிதைத்து ஆற்றலாக்கிக்கொள்கிறது. சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லிவிட்டு, தானே கழன்று, தூது வந்தவனையும் விடுதலை செய்துவிடுகிறது அந்த வளையம்.